பிளிஸ்காவைப் பிடித்த பிறகும் நிகெஃபோரஸ் எப்படித் தோற்றார்?

கேள்வி: 811-ல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் நிகெஃபோரஸ் பல்கேரியத் தலைநகர் பிளிஸ்காவையே பிடித்துவிட்டார். பல்கேரிய ஆட்சியாளர் கான் குரும் சமாதானம் கேட்டும் மறுத்தார். கொஞ்ச நாளிலேயே படையோடு அழிந்தார். எப்படி?

பதில்: மலைதான் காரணம் என்பேன். திரும்பும் வழி பால்கன் மலைகளின் ஊடே போகிறது. வர்பிட்சா கணவாய் என்று பலர் கருதுகிறார்கள். நிகெஃபோரஸ் நகரைக் கொள்ளையடித்து எரிப்பதில் நாட்களைக் கழித்தார். அதற்குள் குரும் அவார், ஸ்லாவிய இனத்து ஆட்களைத் திரட்டி, கணவாயை மரத்தடுப்புகளால் அடைத்துவிட்டார். ஜூலை 26 விடியற்காலையில் நேராகப் பேரரசரின் கூடாரத்தைத் தாக்கினார்கள். தலைமை விழுந்ததும் மற்ற முகாம்கள் கலைந்து ஓடின. ஓடியவர்களில் பலர் சேற்று ஆற்றில் சிக்கினார்கள். தடுப்பில் ஏறியவர்கள் மறுபக்கப் பள்ளத்தில் விழுந்து செத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சாதாரணப் படைவீரர்களை நினைத்து மனம் கனக்கிறது.

இன்னொரு பதில்: மகன் ஸ்தௌராகியோஸையும் சொல்லுங்கள். முதுகெலும்பில் படுகாயத்தோடு அட்ரியானோபிள் நகருக்குத் தப்பி, அங்கே பேரரசராக அறிவிக்கப்பட்டார். அக்டோபரிலேயே மைத்துனர் மிகயேல் ராங்கபேயிடம் அரியணை போய்விட்டது.

கேட்டவர்: நன்றி. நிகெஃபோரஸின் மண்டையோட்டைக் குரும் குடிக்கும் கிண்ணமாக்கினார் என்ற கதை உண்மையா?

பதில்: அக்காலத்தவரான தியோஃபனிஸ் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். குரும் அதற்கு வெள்ளி பூசி, ஸ்லாவியத் தலைவர்களை அதில் குடிக்க வைத்தாராம். தியோஃபனிஸ் ஒரு துறவி, பல்கேரியர்களின் எதிரி முகாமைச் சேர்ந்தவர். ஆனால் நிகெஃபோரஸையும் அவருக்குத் துளியும் பிடிக்காது. அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். போரில் பேரரசர் இறந்தது மட்டும் சந்தேகமில்லாதது. 378-ல் ரோமப் பேரரசர் வாலன்ஸ் போரில் விழுந்த பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.