அதிர்ச்சி உறிஞ்சலா, விசைத்தணிவா?

தம்பி, வணக்கம்.

விளையாட்டுத் திடலின் தரையைச் சோதிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக நீங்கள் அனுப்பின தமிழ்ச் சொற்களில் 'விறைப்பு' சரி, அதில் கைவைக்கத் தேவையில்லை. 'shock absorption'க்குப் போட்ட 'அதிர்ச்சி உறிஞ்சல்'தான் எனக்குத் தொண்டைக்குள் இறங்குதில்லை. அதிர்ச்சி எண்டால் எங்கட சனத்துக்கு ஒண்டில் செத்தவீட்டுச் செய்தி, இல்லாட்டி மின்சாரம்.

சோதனையைப் பாருங்கோ. அடியில் சுருள்வில் பூட்டின 20 கிலோ எடையை 55 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, உச்ச விசையை அளக்கிறார்கள். கொங்கிறீற்றில் 100 பங்கு வரும் இடத்தில் திடலில் 40 பங்கு வந்தால் விடை 60 வீதம். அளப்பது உறிஞ்சினதை அல்ல, குறைந்த விசையை. அதனால் 'விசைத்தணிவு' என்கிறேன்.

மற்றவற்றையும் உருட்டிப் பார்த்தேன். 'அதிர்வுத்தணிப்பு' அலைகள் பாடத்துக்குள் போய்விடும். 'மோதல் தணிவு' யாழ்ப்பாணத்தில் பேப்பர்த் தலைப்பு. 'அடித்தணிப்பு' அடித்தளத்துக்குத் தம்பி மாதிரி. பின்னால் 'திறன்' ஒட்டவும் வேண்டாம்: கூடக்கூட நல்லது என்ற நினைப்பு வரும். ஓடுபாதைக்கு உலக மெய்வல்லுநர் அமைப்பின் விதி 35 முதல் 50 வீதம். அதற்கு மேல் போனாலும் தேறாது. மணலில் ஓடினவனுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

தரை எவ்வளவு வன்மை என்று அளக்கும் கிளெக் சம்மட்டி வேறு. மேற்கு அவுஸ்திரேலியாவில் பேடன் கிளெக் தெருப்போடும் வேலைக்கென்று செய்த கருவி அது. புல்தரைக்கு 2.25 கிலோ சம்மட்டியை 45 சென்ரிமீற்றரிலிருந்து போட்டு, அது தரையில் மோதி நிற்கையில் வரும் உச்ச அமர்முடுகலை (வேகம் குறையும் வீதத்தை) புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காகச் சொல்வார்கள். அதற்கு 'தரைவன்மை' போதும். 'இறுக்கம்' என்று எழுதாதேங்கோ. மண் இறுகுவது காரணம், வன்மை அதன் விளைவு. ஆவணியில் எங்கட செம்மண் மைதானத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால், புல் தேய்ஞ்ச இடத்தில், கோல் காப்பாளர் பாய்ந்து விழுந்தால் கல்லில் தேங்காய் போட்ட சத்தம். மாரி பிறந்தால் அதே இடத்தில் குதிக்கால் புதையும். திடல் ஒன்று, அளவு இரண்டு; அட்டவணையில் திகதிக்கும் ஒரு நிரல் விடுங்கோ.

என்ர சொல்லிலும் ஒரு ஓட்டை உண்டு. 'விசையா ஓடு' என்று கத்திற பயிற்றுநருக்கு விசை எண்டால் வேகம். 'விசைத்தணிவு 60' என்று படித்தால் பிள்ளைகள் மெதுவா ஓடுற திடல் எண்டு நினைப்பார். பௌதிகம் படிச்சவருக்கு விசைத்தணிவு. பயிற்றுநருக்குக் கொடுக்கிற தாளில் மட்டும், பக்கத்தில் 'காலுக்கு வாற அடி எவ்வளவு குறையுது' என்று ஒரு வரி போட்டுவிடலாம்.