தீவு ஏன் மூழ்குகிறது: கூடி ஆடும் போர்டு கேம்கள், மேசையில் கண்டவை

எல்லோரும் ஒரே அணி, எதிரில் இருப்பது அட்டைக்கட்டு மட்டும். இந்த வகை ஆட்டங்களைப் பற்றிக் கண்டதை இங்கே போடுங்கள். ஃபோர்பிடன் ஐலண்ட், ஃபோர்பிடன் டெசர்ட், பேண்டமிக், ஃப்ளாஷ் பாயிண்ட், ராபின்சன் குரூசோ, எதுவானாலும் சரி. "சூப்பரா இருந்துச்சு" என்று முடித்துவிடாமல், ஆட்டம் எந்த இடத்தில் கை நழுவுகிறது, ஏன், அங்கே என்ன செய்யலாம் என்று எழுதினால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும்.

ஐலண்டிலிருந்து தொடங்குகிறேன். மூழ்கும் தீவிலிருந்து நான்கு புதையலையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் தப்ப வேண்டும். மேட் லீகாக் வடிவமைத்து 2010-ல் வந்தது, 2 முதல் 4 பேருக்கு. தீவாகப் பரப்பும் 24 டைல் (சதுரத் துண்டு), 24 வெள்ள அட்டை, 28 புதையல் அட்டை. அந்த 28-ல் நான்கு புதையலுக்கும் ஐந்தைந்தாக 20, ஹெலிகாப்டர் லிஃப்ட் 3, மணல்மூட்டை 2, வாட்டர்ஸ் ரைஸ் 3. ஒருவர் முறையில் 3 செயல், பிறகு 2 புதையல் அட்டை, பிறகு நீர்மட்டம் சொல்லும் எண்ணிக்கையில் வெள்ள அட்டை. ஒரு டைலின் அட்டை முதல் தடவை வந்தால் அது நனைகிறது. நனைந்ததைச் சரிசெய்யும் முன் மறுபடி வந்தால் மூழ்கிப் போகிறது, அதன் அட்டையும் ஆட்டத்தை விட்டே போய்விடும்.

புதியவர்கள் பயப்படுவது கட்டில் இன்னும் வராத அட்டைகளைப் பார்த்து. ஆபத்து இருப்பது ஏற்கெனவே எடுத்துக் கீழே போட்ட குவியலில். வாட்டர்ஸ் ரைஸ் வந்ததும் நீர்மட்டம் ஒரு படி ஏறும், அந்தக் குவியலைக் கலைத்துக் கட்டின் மேலேயே வைப்பார்கள். அடுத்து வரப்போவது முழுக்க முழுக்க ஏற்கெனவே வந்த அட்டைகள்தான்.

கணக்காகவே பாருங்கள். குவியலில் 8 அட்டை. ஒரு புதையலுக்குரிய இரண்டு டைலும் நனைந்து கிடக்கின்றன, இரண்டின் அட்டையும் அந்த 8-க்குள். வாட்டர்ஸ் ரைஸ் வந்து மட்டம் 3 ஆகிறது. அதே முறையில் 3 அட்டை எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வர 56-ல் 6 வாய்ப்புதான். "பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் அடுத்தவர் முறையும் முடியும்போது 8-ல் 6 அட்டை வெளியே வந்திருக்கும். அதற்குள் இரண்டுமே வந்திருக்க வாய்ப்பு 28-ல் 15, பாதிக்கும் மேல். அந்தப் புதையலை எடுக்கும் முன் இரண்டு டைலும் போனால் ஆட்டம் முடிந்தது. ஆகவே இடையில் கிடைக்கும் மூன்று செயலில் ஒன்றை, மிச்சமிருக்கும் டைலைச் சரிசெய்யவே செலவிட வேண்டும். இன்ஜினியர் பாத்திரம் எடுத்தவர் பக்கத்தில் இருந்தால் ஒரே செயலில் இரண்டு டைலைச் சரிசெய்துவிடலாம்.

எதைக் காப்பாற்றுவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபூல்ஸ் லேண்டிங், ஹெலிகாப்டரில் கிளம்பும் டைல் அது; அது மூழ்கினால் வேறு பேச்சே இல்லை. அடுத்து, எடுக்காத புதையலுக்கு ஒரு டைல் மட்டும் மிஞ்சியிருந்தால் அது. அதன் பிறகு ஆட்களை ஃபூல்ஸ் லேண்டிங்கோடு இணைக்கும் வழி டைல்கள். எடுத்து முடித்த புதையலின் டைல்களை விட்டுவிடலாம். ஆனால் டைல்கள் மூழ்க மூழ்க வெள்ளக் கட்டு மெலிந்துகொண்டே போகும், மிச்சமிருக்கும் டைல்களின் அட்டை அடிக்கடி வரும். கடைசிக் கட்டத்தில் தீவு திடீரென்று வேகமாக மூழ்குவது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கிளம்புவதற்கு எல்லோரும் ஃபூல்ஸ் லேண்டிங்கில் நிற்பதோடு ஒரு ஹெலிகாப்டர் லிஃப்ட்டும் கையில் வேண்டும். கைக்கு ஐந்து அட்டைதான் அளவு என்பதால் முதலில் வந்த லிஃப்ட்டை வீசிவிடுகிறார்கள், பிறகு நான்கு புதையலோடு கரையில் காத்து நிற்கிறார்கள். ஒன்றையாவது யாராவது ஒருவர் பிடித்து வைத்திருங்கள்.

*

பேண்டமிக்கிலும் (2008, அதே வடிவமைப்பாளர்) இதே பொறிதான், இன்னும் கூர்மையாக. தொடக்கத்தில் 9 நகரங்களில் நோயைக் குறிக்கும் கட்டைகள் வைக்கிறோம்: மூன்று நகரத்தில் மூன்று மூன்று, மூன்றில் இரண்டிரண்டு, மூன்றில் ஒவ்வொன்று. அந்த 9 அட்டையும் போகும் இடம் கழிவுக் குவியல்தான். முதல் எபிடெமிக் (கொள்ளைநோய்) அட்டை வந்ததும் அவை மேலே திரும்பி வரும். மூன்று கட்டை இருக்கும் நகரத்தை அதற்குள் ஒரு கட்டையாவது குறைத்து வைக்காவிட்டால் வெடிப்பு (நோய் பக்கத்து நகரங்களுக்கும் பரவுவது) நிச்சயம். ஒவ்வொரு நகரத்தையும் துடைத்துச் சுத்தமாக்க வேண்டியதில்லை. மூன்றை இரண்டாக்கினால் ஒரு சுற்றுக்கு மூச்சு கிடைக்கும், அது போதும்.

ஏன் போதும் என்றால், நான்கு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்தால் வெற்றி. பலகையில் கட்டை மிச்சம் இருந்தாலும் வெற்றிதான். இதை மறந்து சுத்தம் செய்துகொண்டே இருந்தால் அட்டைக்கட்டு தீர்ந்து தோற்போம். 2013 பதிப்பில் நான்கு பேர், 5 எபிடெமிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 நகரம், 5 நிகழ்வு, ஆக 53. கைக்கு இரண்டு வீதம் 8 போனால் 45. எபிடெமிக்கைச் சேர்த்தால் 50. முறைக்கு இரண்டு எடுப்பதால் மொத்தமே 25 முறை, தலைக்கு ஆறு சொச்சம். அதற்குள் நான்கு நிறத்திலும் ஐந்தைந்து அட்டை ஒரே கையில் சேர வேண்டும் (சயின்டிஸ்ட் பாத்திரத்துக்கு நான்கு போதும்). நிறத்துக்கு 12 அட்டைதான் உண்டு. கருப்பில் ஆளாளுக்கு விமானத்துக்கென்று எட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் நான்கு, சயின்டிஸ்ட் ஆட்டத்தில் இல்லையென்றால் தோல்வி அப்போதே முடிவாகிவிட்டது. அட்டையைக் கழித்துப் பறக்கும் முன் "இந்த நிறத்தை யார் சேர்க்கிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எபிடெமிக்குக்கு மூன்று படி: வேகக் குறியை நகர்த்து, அடி அட்டையை உருவி அந்த நகரத்தில் மூன்று கட்டை வை, குவியலைக் கலைத்து மேலே வை. மூன்றாவதுதான் அதிகம் விடுபடுகிறது. அப்படி ஆடி ஜெயித்தவர்கள் "ரொம்ப ஈஸி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

*

அந்தக் கடைசி வரியை இன்னும் விரித்துச் சொல்ல வேண்டும், கூடி ஆடும் ஆட்டங்களின் பெரிய ஓட்டை அதுதான். போட்டி ஆட்டத்தில் ஒரு படியை மறந்தால் எதிராளி பிடித்துவிடுவார். இங்கே மறதி எல்லோருக்கும் லாபம், அதனால் யார் கண்ணிலும் படாது. இதற்கு நன்றாக வேலை செய்யும் வழி: ஆடுகிறவர் கையால் கேடு நடக்கக் கூடாது. வெள்ள அட்டை, தொற்று அட்டை, புயல் அட்டை எல்லாவற்றையும் இடப்பக்கம் இருப்பவர் எடுக்கட்டும். அவருக்கு முன்னால் ஒரு சிறு தாளில் படிகளை எழுதி வையுங்கள். முறை நகரும்போது தாளும் நகரட்டும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இந்த வேலையைப் பெரியவர்களைவிடக் கறாராகச் செய்வார்கள்.

கலைப்பதிலும் கவனம் வேண்டும். ஏழெட்டு அட்டையைக் கையில் வைத்து இரண்டு தட்டு தட்டினால் பழைய வரிசை பெரிதாக மாறாது. மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் சுற்றிக் கலைத்து எடுப்பதுதான் சரி. அப்போது கட்டின் மீதி அட்டைகள் தள்ளி இருக்கட்டும், தெரியாமல் கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை.

*

டெசர்ட் (2013) ஆடுகிறவர்களுக்கு. 5க்கு 5 கட்டம், 24 டைல், நடுவில் புயல் நிற்கும் வெற்றிடம், மணல் வில்லை 48. புயல் அட்டை சொல்லும் திசையில் டைல்களை வெற்றிடத்துக்குள் தள்ளி, நகர்ந்த ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணல் வைக்க வேண்டும். பிழை நடப்பது திசையில். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாக அட்டையைப் பிடித்தால் அம்பு மாறிப்போகும். அட்டைக்கட்டை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, எல்லா அட்டையையும் அந்தப் பக்கத்திலிருந்தே பாருங்கள்.

இங்கே சாவது பெரும்பாலும் தாகத்தால். ஒருவருடைய தண்ணீர் தீர்ந்தால் எல்லோருக்கும் தோல்வி. நீர்த்துளிக் குறி போட்ட டைல் மூன்று, இரண்டில் கிணறு, ஒன்று கானல். கிணற்றைத் திருப்பும் நேரத்தில் அந்த டைலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவு தண்ணீர். ஒருவர் மட்டும் நின்று அவசரமாகத் திருப்பினால் அவருக்கு மட்டுமே கிடைக்கும். வாட்டர் கேரியர் (தண்ணீர் எடுத்துத் தரும் பாத்திரம்) இல்லாத ஆட்டத்தில் இது பேரிழப்பு. குறைந்தது மூன்று பேர் சேர்ந்து நின்று திருப்புங்கள். வெயில் அட்டை நான்கு உண்டு, சுரங்க டைலில் நிற்பவரைத் தொடாது. சுரங்கம் கிடைத்தால் மணலைத் தட்டித் திறந்தே வைத்திருங்கள்.

தப்பிப் போகச் சேர்க்க வேண்டிய பறக்கும் இயந்திரத்தின் பாகம் கிடைக்கும் இடத்தை இரண்டு குறிப்பு டைல் காட்டும், ஒன்று வரிசை, இன்னொன்று நெடுக்கு. பாகத்தை வைத்த பிறகு புயல் அந்த டைலை நகர்த்தினால் பாகமும் கூடவே போகும். பழைய இடத்திலேயே விட்டுவிட்டு ஆடுகிறவர்கள் நிறைய.

*

ஃப்ளாஷ் பாயிண்ட் (2011) பற்றி யாரும் சொல்லவில்லையே. எரியும் வீட்டிலிருந்து 10 பேரில் 7 பேரை மீட்க வேண்டும், 4 பேர் போனால் தோல்வி. சேதக் கட்டை 24-உம் தீர்ந்தால் வீடு இடிந்து தோல்வி. இந்த 24-ஐத்தான் கவனிக்க வேண்டும். நெருப்பு மட்டும் சுவரை உடைப்பதில்லை, நாம் கோடரியால் போடும் அடியும் அதே 24-லிருந்துதான் கழிகிறது. ஒரு சுவரைத் திறக்க இரண்டு கட்டை, அடிக்கு 2 செயல் புள்ளி வீதம் 4 புள்ளி. ஒருவரின் முழு முறையே போய்விடும். மாட்டிக்கொண்டவரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கட்டத்துக்கு 2 புள்ளி என்பதால், நீண்ட சுற்றுவழியை மிச்சப்படுத்தும் ஒரு சுவரை உடைப்பது நியாயம். நாலைந்து சுவரை உடைத்தால் பிற்பாதியில் ஒரு வெடிப்பு ஆட்டத்தையே முடித்துவிடும்.

நெருப்பை அணைப்பதா, ஆளைத் தேடுவதா என்று கேட்பார்கள். ஏற்கெனவே எரியும் கட்டத்தில் பகடை விழுந்தால்தான் வெடிப்பு. ஆகவே நெருப்புக் கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே காப்பு. ஒருவர் அணைக்க, மற்றவர்கள் மீட்க. எல்லோரும் மீட்கப் போனால் வீடு தாங்காது.

*

நான் ராபின்சன் குரூசோவுக்கு ஓட்டுப் போடுகிறேன், ஆனால் முதல் ஆட்டமாக அல்ல. 2012-ல் வந்தது, 1 முதல் 4 பேர். தலைக்கு இரண்டு காய். ஒரு வேலைக்கு இரண்டு காயும் வைத்தால் உறுதி. ஒன்று வைத்தால் மூன்று பகடை உருட்ட வேண்டும்: வேலை பலித்ததா, காயம் உண்டா, சாகசம் உண்டா. பேராசைப்பட்டு எல்லா வேலைக்கும் ஒற்றைக் காய் வைப்பதுதான் வழக்கமான தவறு. காயம் கண்ணுக்குத் தெரியும், சாகச அட்டையின் விலை தெரியாது. பல சாகச அட்டைகளை நிகழ்வுக் கட்டில் கலக்கச் சொல்வார்கள், அதன் பின்விளைவு இரண்டு மூன்று சுற்று கழித்து எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்கும். மேலே தீவுக்குச் சொன்னதேதான், தள்ளிப்போட்டது திரும்பி வரும்.

முதல் சில சுற்றில் தங்குமிடமும் கூரையும் முதலில். தங்குமிடமில்லாமல் படுத்தால் இரவுக்கு ஆளுக்கு ஒரு காயம், உணவில்லாதவருக்கு இரண்டு. உணவு மறுநாளைக்கு மிஞ்சாது, விறகு மிஞ்சும். அதனால் தேவைக்கு மேல் உணவு திரட்டுவது வீண், விறகைச் சேருங்கள். ஒருவர் இறந்தாலும் எல்லோரும் தோற்பதால், காயம் குறைவாக உள்ளவரிடம் ஆபத்தான வேலையைக் கொடுங்கள்.

*

ஒருவரே எல்லோருக்கும் கட்டளை போடும் சிக்கலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்களேன். ஆட்டத்தை நன்றாகத் தெரிந்தவர் "நீ இங்க போ, அதைக் குடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் காய் நகர்த்தும் கை மட்டும்தான்.

*

அதற்கு விதி ஒன்று போதும்: யார் முறையோ அவர்தான் முதலில் பேசுவார், தன் யோசனையை முழுதாகச் சொல்லி முடிப்பார். பிறகு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கருத்து. முடிவு அவருடையது, தவறாகவே இருந்தாலும். ஐலண்டில் அனுபவசாலிக்கு மெசெஞ்சர், நேவிகேட்டர் போன்ற உதவிப் பாத்திரம் கொடுங்கள். பைலட் போன்ற கண்ணில் படும் பாத்திரம் பிள்ளைகளுக்கு.

சிலர் டெட் ஆஃப் வின்டரை (2014) இதற்கு மருந்தாகச் சொல்வார்கள், ரகசிய இலக்கு இருப்பதால் யாரும் யாரையும் ஆட்டிவைக்க முடியாது என்று. உண்மைதான். அதில் ஆளுக்கு இரண்டு வீதம் சாதாரண இலக்கோடு துரோக இலக்கு ஒன்றைக் கலந்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். நான்கு பேரென்றால் 9-ல் 4 வெளியே வரும், துரோகி இருக்க வாய்ப்பு பாதிக்கும் குறைவு. இல்லாத துரோகியைத் தேடியே கூட்டம் உடையும். நண்பர்கள் குழுவுக்கு அருமையான ஆட்டம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் மேசைக்கு வேண்டாம், உயிர்ப்பிணங்களும் கதையும் இருண்டவை, சந்தேகம் பிள்ளைகளுக்கு மனவருத்தமாக முடியும்.

*

இரண்டே பேர் ஐலண்ட் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பேரில் உங்கள் முறை திரும்பி வருவதற்குள் மட்டம் 2-லேயே 8 வெள்ள அட்டை வந்துவிடும், இரண்டு பேரில் 4 மட்டும். தன் பக்கத்து டைல்களைக் கவனித்துக்கொள்வது எளிது. ஆனால் இருவர் கையும் சேர்த்தே 10 அட்டைதான் தாங்கும், நான்கு புதையல் நிறத்தின் அட்டைகளையும் ஒரே நேரத்தில் சேர்க்கப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆளுக்கு ஒரு நிறம் என்று பிரித்துக்கொண்டு, நான்கு சேர்ந்ததும் உடனே போய்ப் புதையலை எடுத்துக் கையைக் காலி செய்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள்.