வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூலோடு பரிமாற்றம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எம்பிஏ பாடம் எடுக்கிறேன். தோவாளை சந்தையில் பிச்சிப்பூவுக்கு விலை எப்படிப் படிகிறது என்பதை நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலத்தோடு ஒப்பிட்டு ஆராய வேண்டும் என்று ரொம்ப ஆசை. அங்கே ஏலக் கடிகாரத்தில் விலை மேலிருந்து இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குத்தான் பூ.

இதற்காக அங்குள்ள ஒரு பிசினஸ் ஸ்கூலோடு கைகோக்கப் பார்க்கிறேன். இரு கல்லூரிகளும் சேர்ந்து தரும் கூட்டுப் பட்டத்துக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகள் கடுமை. அதனால் கூட்டு ஆய்வும் ஒரு செமஸ்டர் மாணவர் பரிமாற்றமும் போதும். மாணவர் பரிமாற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் பிளஸ் நிதிக்கு ஐரோப்பியக் கல்லூரிதான் விண்ணப்பிக்க வேண்டும். சரி, முதல் மெயிலை யாருக்கு அனுப்புவது? சர்வதேச அலுவலகத்துக்கா, பேராசிரியருக்கா? அப்புறம், புரிந்துணர்வு ஒப்பந்த மாதிரி இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். என் மாணவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். உதவித்தொகை இல்லாமல் அவர்களால் போக முடியாது.