புதுப்பிப்பு: வீட்டில் செய்த புஷ் அழுத்தி வேலை செய்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: கொரோலா காரின் லோவர் ஆர்ம் (சில்லைத் தாங்கும் கீழ்க் கை) புஷ்ஷை, அதாவது அதில் இறுக்கிப் பொருத்தியிருக்கும் இரும்புக்கூட்டு ரப்பர் துண்டைக் கழற்ற, மரைக் கம்பி, இரண்டு நட், குழாய்த் துண்டு வைத்து ஒரு அழுத்தி செய்தேன். திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்றில் புஷ்ஷின் இரும்புக்கூடு ஆர்மோடு துருவேறி ஒட்டியிருந்தது. புஷ் அசையவில்லை, கம்பியின் மரைதான் உரிந்தது.

பிழை கம்பியில்தான். கடையில் கிடைக்கும் சாதாரண மரைக் கம்பி பெரும்பாலும் 4.8 வலிமைத் தரம். இந்த முறை தலையில் 8.8 என்று பொறித்த நீள போல்ட் வாங்கினேன். கிட்டத்தட்ட இரட்டிப்பு வலிமை. நட்டும் அதே தரத்துக்கு ஏற்றது. மரை முழுக்க கிறீஸ், நட்டுக்கடியில் தடித்த வாஷர் இரண்டு, அவற்றுக்கு நடுவிலும் கிறீஸ். இதைத்தான் முதல் தடவை செய்யாமல் விட்டேன்.

அப்புறம் குழாய். தள்ளும் பக்கத் துண்டு புஷ்ஷின் கூட்டைவிட ஒரு நூலளவு சிறிதாக இருக்க வேண்டும், வெளியே வரும் புஷ்ஷை உள்ளே வாங்கும் பக்கத் துண்டு அதைவிடப் பெரிதாக. லேத் பட்டறை அண்ணை இரண்டையும் கடைந்து தந்தார்.

முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். காலையில் ஸ்பானரை இழுக்க, 'டக்' என்று ஒரு சத்தம். செந்துருத் தூள் கையில் கொட்ட, புஷ் மெல்ல வெளியே வந்தது. அவ்வளவு சந்தோசம்!

இதே வேலை செய்பவர்கள் கவனியுங்கள்: திரும்ப மாட்டும்போது, கார் ஜக்கில் தூக்கி நிற்கையில் ஆர்ம் போல்ட்டை இறுக்கி முடிக்காதீர்கள். சில்லு தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.