கடுவன் பூனைக்குத் திரும்பத் திரும்ப யூரின் அடைப்பு: பார்த்ததை எழுதுங்க

கொல்லைப்புறம்:
மூணாவது தடவை அடைச்சிருக்கு. நாலு வயசு, நாலரை கிலோ, கருத்தடை பண்ணின கடுவன். மனசுல நிக்கிறது ஒண்ணே ஒண்ணு: பாத்ரூம் டைல்ஸ்ல ரெண்டு சொட்டு, ரோஸ் கலர்ல. விரல்ல தேய்ச்சா பொடி ரவை மாதிரி நெறநெறன்னுச்சு. அதுக்கு முன்னாடி ஒன்பது மணி நேரம் மலச்சிக்கல்னு நினைச்சே போயிருச்சு. குந்தி முக்குறது ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா அடைப்புன்னா அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ட்ரேல ஏறும், அடித்தொண்டையில கத்தும், குறியை நக்கிக்கிட்டே இருக்கும், மண்ணு மட்டும் நனையாது. பின்னங்காலுக்கு முன்னாடி வயித்துல கெட்டியா ஒரு உருண்டை தட்டுப்படும். தொட்டதோட நிறுத்திக்கணும். அமுக்கினா மூத்திரப்பை கிழிஞ்சுரும்.

3.5 பிரெஞ்ச் சைஸ் கதீட்டர் (மூத்திரக் குழாய்ல விடுற மெல்லிசு ட்யூப்) விட்டு, சலைன் அடிச்சு, அடைப்பைப் பைக்குள்ளயே தள்ளிட்டு, ரெண்டு நாள் ட்யூபோட வெச்சிருந்தாங்க. ரிப்போர்ட்ல ஸ்ட்ரூவைட் கிரிஸ்டல், அதாவது மூத்திரத்துல இருக்கிற உப்பு சேர்ந்து உருவாகிற படிகம். இதே மாதிரி பார்த்தவங்க சொல்லுங்க.

வேம்படி:
அடைச்ச பூனைக்கு வாழைத்தண்டுச் சாறு ஊட்டிட்டுக் கொண்டுவந்தாங்க. மேசையில விட்டா விட்ட இடத்துலயே கிடந்துச்சு. காது சில்லுன்னு இருந்துச்சு. இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 90. கிளினிக்குக்கு வர்ற பயத்துலயே பூனைக்கு 180, 200 ஓடணும். மூத்திரத்தோட போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துல தங்கி இதயத்தை மந்தமாக்கிடுது. அந்த நிலையில உடனே ட்யூப் போட மயக்கம் கொடுக்க முடியாது. ஈசிஜி பார்த்துக்கிட்டே கால்சியம் குளுக்கோனேட் நரம்புல மெதுவா ஏத்தினாங்க, கூடவே ட்ரிப். துடிப்பு ஏறின பிறகுதான் அடைப்பை எடுத்தாங்க.

வாழைத்தண்டு, பார்லித் தண்ணி, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் மூத்திரத்தைப் பெருக்கக் கொடுக்கிறது. வெளிய போக வழியே இல்லாதப்ப தயவுசெஞ்சு கொடுக்காதீங்க. முழு அடைப்புன்னா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிரும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்துராதீங்க, பூனைக்கு அது விஷம். அடைப்பு எடுத்த அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவும் அவசரப்பட வேண்டாம். மூத்திரம் வெள்ளமாப் போகும், அதுக்கு ஈடா ட்ரிப் ஏறலைன்னா உடம்பு வத்திரும்.

திண்ணை:
கொல்லைப்புறம், அந்த சாம்பிளை எடுத்து எத்தனை மணி நேரம் கழிச்சுப் பார்த்தாங்க? ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருந்த சாம்பிள் ஒண்ணு, ஸ்லைடு முழுக்க சவப்பெட்டி மூடி வடிவத்துல ஸ்ட்ரூவைட். அதே பூனைக்கு வயித்து வழியா மூத்திரப்பையில ஊசி விட்டு யூரின் எடுத்து அரை மணி நேரத்துல பார்த்தா ஒண்ணுகூட இல்ல! குளிர்ச்சியில கிரிஸ்டல் தானா உருவாகும். ரிப்போர்ட்டை மட்டும் நம்பி உணவை மாத்தாதீங்க, எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துக் கல்லு இருக்கான்னு பாருங்க. ஸ்ட்ரூவைட் கல்லு மருத்துவ உணவுல சில வாரத்துல கரையும். இன்னொரு வகையான ஆக்ஸலேட் கல்லு கரையாது. "யூரின்ல அமிலம் ஏறட்டும்"னு வைட்டமின் சி கொடுக்கிறாங்க, அது ஆக்ஸலேட்டாத்தான் மாறும்.

முக்கியமா தண்ணி. உலர் தீவனத்துல 10 சதவீதம்கூட ஈரம் இருக்காது. ஈர உணவுல 75லேருந்து 80. நாலரை கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 மில்லி தண்ணி வேணும். 85 கிராம் பவுச் மூணு போட்டாலே கிட்டத்தட்ட அது வந்துரும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணி கலந்துருங்க. கோழி வேகவெச்ச தண்ணி நல்லது, ஆனா உப்பு, வெங்காயம், பூண்டு மூணும் கூடாது. கருவாட்டை நிறுத்துங்க. மாத்துறதை பத்து நாளா, கொஞ்சம் கொஞ்சமா செய்யணும். பிடிக்காம ரெண்டு நாள் பட்டினி கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறிடும். யூரின் அடர்த்தி (தண்ணியை 1னு வெச்சு அளக்கிறது) 1.035க்குக் கீழ வந்தா சரியான வழியில போறீங்க.

மொட்டைமாடி:
திண்ணை சார், எல்லாத்தையும் தீனி மேலயே போடுறீங்க. மூத்திரத் தொந்தரவோட வர்ற, பத்து வயசுக்குள்ள இருக்கிற பூனைங்கள்ல பாதிக்கு மேல கல்லும் இல்ல, கிருமியும் இல்ல, பதட்டத்துல மூத்திரப்பை வீங்குறதுதான். மூணு தடவையும் ஆன்டிபயாட்டிக் எழுதின கேஸ் தெரியும், கல்ச்சர் (யூரின்ல கிருமி வளருதான்னு பார்க்கிற டெஸ்ட்) பண்ணினா கிருமியே வளரல. தேதியை எழுதிப் பார்த்தப்பதான் விளங்குச்சு: தீபாவளி வெடி, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச வாரம், ஜன்னலுக்கு வெளிய தெருக்கடுவன் வந்து உக்காந்த நாட்கள். ஜன்னல் கீழ்ப்பாதியில பேப்பர் ஒட்டி, பீரோவுக்கு மேல ஒளிய ஒரு அட்டைப்பெட்டி வெச்சதுல ரொம்ப குறைஞ்சுது. ட்ரே பூனை எண்ணிக்கையைவிட ஒண்ணு கூடுதலா இருக்கணும், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வேண்டாம்.

கொல்லைப்புறம்:
திண்ணை, சாம்பிள் எடுத்தது முந்தின நாள் சாயங்காலம், பார்த்தது மறுநாள் மதியம். எக்ஸ்ரே இன்னும் எடுக்கல, எடுக்கச் சொல்லப் போறேன். மறுபடி அடைச்சா ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க: குறுகலான நுனியை எடுத்துட்டுக் குழாயை அகலமான இடத்துல திறந்துவிடுறது. அது அடைப்பைத் தடுக்கும், உள்ள இருக்கிற வீக்கத்தைத் தடுக்காது, கிருமித்தொற்றும் கூடலாம். அதனால மொட்டைமாடி சொன்ன ஜன்னல் வேலையை முதல்ல முடிக்கணும்.

ட்யூப் எடுத்த முதல் வாரம்தான் மறுபடி அடைக்கிற பயம் அதிகம். ஆத்துமணல்ல எவ்வளவு போச்சுன்னு தெரியாது, நனைஞ்சா கட்டி பிடிக்கிற பென்டோனைட் களிமண்ணுக்கு மாத்தியாச்சு. காலையும் ராத்திரியும் எண்ணி எழுதுறோம். ஒரு நாளைக்கு ரெண்டுலேருந்து நாலு கட்டி வரணும். கோலிக்குண்டு சைஸ்ல ஏழெட்டு விழுந்தா உடனே கிளம்பணும். நேத்து மூணு, எல்லாமே எலுமிச்சம்பழ சைஸ்.