டிபி மாத்திரையை ஊரார் பார்வையில் விடலாமா?

கருங்குயில்:
எங்கள் கிராம சபையில் டிபி பற்றிப் பேச்சு வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பவும், நோய் வந்தவர்கள் தினமும் மாத்திரை போடுகிறார்களா என்று பார்க்கவும் ஊரிலேயே ஆள் போடலாம் என்றார்கள். நான் எதிர்த்தேன். இது செவிலியர் வேலை. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். என் சித்திக்கு நோய் வந்தபோது, மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தமே நின்றுபோனது. காற்றில் பரவும் நோய்க்கு வீட்டிலேயே தனி டம்ளர் வைத்தார்கள்.

மேட்டுக்காடு:
சித்திக்கு நடந்தது கொடுமை அக்கா. ஆனால் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர். தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் அந்த ஒரு செவிலியர் தலையில். தினமும் ஒரு வீட்டு வாசலில் அவரால் நிற்க முடியுமா?

என் அப்பாவுக்கு ஆறு மாத மருந்து. முதல் வாரமே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் என்று பயந்து, மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார். எங்களிடம் மூச்சு விடவில்லை. கீழத்தெருவில் டிபி வந்து குணமான ஒரு பெரியவர் வந்து, "எனக்கும் அப்படித்தான் போச்சு, அது மருந்தோட கலர்" என்றார். மறுநாளே அப்பா மாத்திரையைக் கையில் எடுத்தார். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து அப்படித்தான் செய்யும் என்று மருந்து தரும்போதே சொல்லியிருப்பார்கள். ஆனால் பட்டவர் சொன்னபோதுதான் அவர் காதில் ஏறியது.

இன்னொன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது.

கருங்குயில்:
அந்த ஆய்வில் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியவர்கள் ஆய்வு மையத்து ஊழியர்கள் தம்பி, ஊரார் இல்லை. உங்கள் பெரியவர் நல்லவர். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைப்பாரா?

செம்மண்:
இரண்டு பேரும் மாத்திரையிலேயே நிற்கிறீர்கள், சோற்றைப் பேசுங்கள். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்குச் சத்துணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் முடிவு வந்தது. அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். கூலிக்குப் போக முடியாமல் படுத்திருக்கிறவருக்கு அது எத்தனை நாளைக்கு வரும்? ஊர் முட்டையும் பருப்பும் கொடுக்கட்டும்.

கருங்குயில்:
கொடுக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் யார் வீட்டுக்கு முட்டை போகிறது என்று தெரு முழுக்கப் பார்க்குமே?

மேட்டுக்காடு:
அப்படியென்றால் யார் வர வேண்டும் என்பதை நோயாளியே சொல்லட்டும் அக்கா. அத்தையோ, சிநேகிதியோ, செவிலியரோ. சித்தியிடம் யாராவது கேட்டார்களா?

கருங்குயில்:
நேற்று சித்தியிடமே கேட்டேன். செவிலியர் வண்டி அடிக்கடி வாசலில் நின்றதைப் பார்த்துத்தான் பேச்சே கிளம்பியதாம். இத்தனை வருடம் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். யாரைக் கேட்டிருப்பாய் என்றதற்கு, தையல் கடை அக்காவைச் சொன்னார். "அங்கே தினமும் போறவதானே, யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க."

சரி, மே 1 கிராம சபையில் இதைச் சொல்கிறேன். இவர் வரட்டும் என்று நோயாளியே சொல்லாத யாரையும் அந்த வேலைக்குப் போடக் கூடாது. அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.