புதுப்பிப்பு: கழுத்து இறுக்கத்துக்கு ஓய்வு யோகா செய்து பார்த்தேன்

வேலை முடிந்து கொக்குவில் வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்து இறுகியே கிடக்கிறது, படுத்தால் நித்திரை வருவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன், ஓய்வு யோகா செய்து பாருங்கோ என்று சிலர் சொன்னீர்கள். செய்கிறேன், நித்திரை பரவாயில்லை, கழுத்துதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

உடம்பை முறுக்கி வளைக்கிற வேலை ஓய்வு யோகாவில் இல்லை, தலையணை மாதிரி ஏதாவது உடம்பைத் தாங்க, அசையாமல் கிடப்பதுதான். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் தாங்குபொருள்களோடு கற்பித்த முறையிலிருந்து வளர்ந்தது. ஒரே நிலையில் 5 முதல் 20 நிமிடம் வரை கிடக்கலாம். காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை, தலையணை, உருட்டிய பெட்ஷீட், துவாய் காணும். எனக்குப் பிடித்தது விபரீத கரணி: விறாந்தைச் சீமெந்து நிலத்தில் பாய் விரித்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து, கால்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதைக் கொஞ்சம் நீட்டினால் (மூச்சு வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும்) படபடப்பு மெல்ல இறங்கும். கோயில் ஸ்பீக்கர் தொடங்கிவிட்டால் சரி, அன்றைக்கு அவ்வளவுதான்.

குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ள தன் அம்மாவுக்கு இது சரிவருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். விபரீத கரணி வேண்டாம், மற்ற நிலைகளையும் கண் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கோ.